புதைபடிவமும் நிலத்தின் பழமையும்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி பகுதிகளில் பள்ளி மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நிலவியல் வகுப்பு நடத்திவருகிறேன். அங்கே திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும், நேரம் போதாமல் நான் சுருக்கிச் சொன்ன விடைகளின் முழு வடிவத்தையும் இங்கே எழுதிவைத்திருக்கிறேன். சில விடைகள் நீளமானவை, விஷயம் அப்படி.

புதைபடிவம் என்றால் கல்லாகிவிட்ட எலும்பு மட்டும்தானா?

இல்லை. முற்காலத்து உயிர்கள் நிலத்தில் விட்டுச்சென்ற எந்தத் தடயமும் புதைபடிவமே. எலும்பு, பல், ஓடு, மரம் ஆகியவற்றோடு, சேற்றில் பதிந்த காலடி, புழு குடைந்த வளை, இலை அழுந்திய அச்சு, இறுகிப்போன சாணம், நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் மகரந்தத் தூள் ஆகிய அனைத்தும் இந்தக் கணக்கில் சேரும்.

கல்லாவது என்பது அவற்றில் ஒரு வழி. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் உள்ள கல்மரங்களை நேரில் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மண்ணுக்குள் புதைந்த மரத்தில், சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் ஊறிச்சென்று, செல்களின் உள்ளே அந்தச் சிலிக்காவைச் சிறிது சிறிதாகப் படியவைத்தது. மரம் மக்குவதற்குள் கல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதால், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் இழை அமைப்பை நுண்ணோக்கியில் பார்த்து மர வகையைச் சொல்ல முடிகிறது. அங்குள்ள அடிமரங்களில் கிளையோ இலையோ பட்டையோ இல்லை. ஆகவே அவை நின்ற இடத்திலேயே கல்லானவை அல்ல, வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்தவை என்று நிலவியலாளர்கள் கருதுகிறார்கள். மரத்தில் இல்லாமற்போனதும் ஒரு சான்றாக நிற்பதைக் கவனியுங்கள்.

எங்கள் தெருவில் போர் போட்டபோது சிப்பியும் கிளிஞ்சலும் வந்தன. கடலே இல்லாத இடத்தில் அவை எப்படி வந்தன? அவை புதைபடிவமா?

வடசென்னையில் என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் கையில் காகிதப் பொட்டலத்தோடு வருவதும் உண்டு.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், உலகின் நீரில் இன்றைவிட மிகுதியான பங்கு துருவங்களிலும் வடக்குக் கண்டங்களிலும் பனியாக உறைந்து கிடந்தபோது, கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது கரை, இன்றைய காசிமேட்டிலிருந்து கிழக்கே பல கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பனி உருக உருகக் கடல் ஏறி, ஏறத்தாழ 7,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்னர் இன்றைய மட்டத்தை நெருங்கியது. அப்போது தாழ்வான ஆற்று முகங்களுக்குள் உப்புநீர் புகுந்து உப்பங்கழிகளும் சேற்றுத் திட்டுகளும் உருவாயின. பழவேற்காடு ஏரி அந்த வரலாற்றின் பிள்ளை. சேற்றில் வாழ்ந்த சிப்பிகளும் மட்டிகளும் இறந்த இடத்திலேயே படிந்தன. பிற்பாடு ஆறுகள் கொண்டுவந்த வண்டலும் கடற்கரை மணலும் அவற்றை மூடின.

இப்படிக் கிடைப்பவை பெரும்பாலும் இன்றும் எண்ணூர்க் கழியிலும் பழவேற்காட்டிலும் வாழும் இனங்களின் ஓடுகளே. ஓட்டின் சுண்ணாம்பு மாறாமல் அப்படியே இருக்கும். சில ஆயிரம் ஆண்டுகளே ஆன இவற்றை முழுமையான புதைபடிவம் என்று சொல்லாமல் 'அரைப் புதைபடிவம்' என்பது வழக்கம். அதனால் அவை மதிப்பற்றவை ஆகிவிடுவதில்லை. எந்த அடியில் எந்தச் சிப்பி வந்தது என்று தெரிந்தால், அந்தத் தெரு ஒரு காலத்தில் திறந்த கடற்கரையாக இருந்ததா, உப்பங்கழியாக இருந்ததா என்று சொல்லிவிடலாம். போர் போடுபவர்கள் அடிக்கணக்கை மனத்தில் வைத்திருப்பார்கள். குழம்பாகக் கொட்டுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு, பொட்டலத்தின் மேல் 'முப்பத்தைந்தாவது அடி' என்பதுபோல எழுதிவைத்தால், அந்தப் பொட்டலத்தின் மதிப்பு பல மடங்கு கூடும்.

வடசென்னையில் டைனோசர் எலும்பு கிடைக்குமா?

நம் காலடியில் கிடைக்க வாய்ப்பில்லை. சென்னையின் தெற்கே பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் தலைநீட்டி நிற்கும் சார்னோக்கைட் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழமையானது. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான அந்தப் பாறையில் எந்த உயிரின் தடயமும் எஞ்சாது. (கொல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறையால் ஆனது என்பதால், நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அதற்கு அவர் பெயரை இட்டார். சென்னைக் கல்லுக்குக் கொல்கத்தாக் கல்லறையின் பெயர் வந்த கதை இது.) வடக்கே அதே அடிப்பாறை ஆழத்தில் கிடக்கிறது, அதன் மேல் ஆரணியாறும் கொசஸ்தலை ஆறும் பரப்பிய வண்டலும், கடல் குவித்த மணலும் களிமண்ணும் இருக்கின்றன. நாம் வீடு கட்டும் மண் மிக இளையது. டைனோசர்களோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே, பறவைகளாக எஞ்சிய கிளையைத் தவிர, முடிந்துவிட்டன.

சென்னையின் மேற்கே திருப்பெரும்புதூர்ப் பகுதியில், டைனோசர் காலத்தைச் சேர்ந்த களிப்பாறைகள் உண்டு. அவற்றில் டிலோஃபில்லம் எனப்படும், சைகஸ் மரத்தின் ஓலையை ஒத்த இலைகளின் அச்சுகள் கிடைக்கின்றன. பூந்தமல்லி தாண்டிப் பேருந்தில் போகும்போது, அந்தச் சமவெளிக்கு அடியில் இலை உதிர்ந்த ஒரு பழைய காட்டின் சேறு இருப்பதை நான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் எங்கள் பகுதியில் பார்க்க ஒன்றுமே இல்லையா?

நிறைய இருக்கிறது, ஆனால் வேறு ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தவை.

சமையல் மேடையில் கிடக்கும் கடப்பாக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கடப்பாப் படுகையில் படிவு தொடங்கியது ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். விலங்குகள் ஓடு கட்டிக்கொள்ளத் தொடங்கியதோ ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான். எனவே அந்தக் கல்லில் சிப்பியைத் தேடிப் பயனில்லை. அந்தப் படுகையின் பழைய அடுக்குகளில் இருப்பவை, நுண்ணுயிர்ப் பாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவான ஸ்ட்ரோமடோலைட்டுகள். பூமியின் வரலாற்றில் மிக நீண்ட காலம் உயிர் என்றால் அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் இத்தகைய படிவுகள் ஏறத்தாழ 348 கோடி ஆண்டு பழமையானவை.

அடுத்தது நிலக்கரி. 2001இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், அனல் மின் நிலையங்களுக்கான நிலக்கரியை இறக்குவதற்கென்றே முதலில் கட்டப்பட்டது. ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து வரும் நிலக்கரி, 25 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பெர்மியக் காலச் சதுப்புக் காடுகளின் எச்சம். அந்தக் காடுகளில் ஓங்கியிருந்தது குளோசாப்டெரிஸ் என்னும், நாக்கு வடிவ இலை கொண்ட மரம். அதே இலை தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா ஆகிய கண்டங்களிலும் கிடைத்ததே, இவை ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக இருந்தன என்பதற்கு முதற்சான்றுகளுள் ஒன்றாக ஆனது. கோண்டு மக்களின் நாட்டிலிருந்து பிறந்த அந்தப் பெயர் இன்று உலகெங்கும் வழங்குகிறது.

மூன்றாவது, நம் வீட்டுச் சுவர். அரியலூர்ச் சிமென்ட் ஆலைகள் அரைக்கும் சுண்ணாம்புப் பாறையில் ஒரு பகுதி, ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடற்சிப்பிகளின் ஓடுகளால் நிறைந்தது. சூளையில் வெந்தபின் அதில் சிப்பியின் உருவம் எதுவும் மிஞ்சாது. ஆனால் அந்தச் சுண்ணாம்பு, ஓர் உயிர் கடல்நீரிலிருந்து பிரித்தெடுத்துக் கட்டிய சுண்ணாம்புதான்.

கொசஸ்தலை ஆற்றுக்கும் ஆதிமனிதனுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மை, நாம் பெருமையோடும் பொறுப்போடும் சொல்ல வேண்டிய உண்மை. 1863 மே 30ஆம் நாள் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் ஒரு கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை உறுதிசெய்த முதற்கண்டுபிடிப்பு அது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அதிரம்பாக்கத்தை அடைந்தார்கள். சென்னையிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ள ஊர் அது. எண்ணூரில் நாம் பார்க்கும் ஆறு அந்த ஊரைக் கடந்துதான் வருகிறது.

தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே ஆண்டுக்கணக்கில் பொறுமையாக அகழ்ந்து, 2011இல் வெளியிட்ட முடிவின்படி, அடியடுக்குகளில் உள்ள கைக்கோடரிகளின் வயது குறைந்தது 10 லட்சம் ஆண்டுகளுக்கு மேல். சராசரியாக ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள். 2018இல் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, மேலடுக்குகளில் நுட்பமான சில்லுக் கருவிகளுக்கு மாறும் இடைப் பழைய கற்காலப் பண்பாடு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே தொடங்கிவிட்டது என்று காட்டியது. இந்தியாவில் அந்த மாற்றம் மிகப் பிந்தியது, வெளியிலிருந்து வந்தவர்களோடு வந்தது என்ற கருத்தை அது மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. இந்த அகழ்வுகளில் மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. விலங்குப் பற்கள் சிலவும் குளம்புத் தடங்களும் கிடைத்தன. கருவியைச் செய்த கை எந்த மனித இனத்தின் கை என்பதை எலும்பின்றி முடிவுசெய்ய இயலாது. 'உலகின் முதல் மனிதன் சென்னையில் தோன்றினான்' என்று பரப்பப்படும் செய்திகளுக்கு இந்த ஆய்வில் இடமில்லை. 15 லட்சம் ஆண்டு என்பதே போதுமான வியப்பு. அதன்மேல் நாம் எதையும் ஏற்ற வேண்டியதில்லை.

கார்பன் முறையில் பார்த்தால் டைனோசரின் வயது தெரிந்துவிடாதா?

தெரியாது. கீழடிக்குப் பிறகு கார்பன் காலக்கணிப்பு தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டதால், எந்தப் பழமைக்கும் அதுவே அளவுகோல் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. கார்பன் 14இன் அரைவாழ்வு 5,730 ஆண்டுகள். அதாவது, ஒவ்வொரு 5,730 ஆண்டுக்கும் இருப்பதில் பாதி அழிந்துகொண்டே போகும்; ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்குப் பின் அளக்கும் அளவுக்கு எதுவும் மிஞ்சாது. கி.மு. 580 என்ற கீழடிக் கணக்குக்கு அது மிகப் பொருத்தம், அதிரம்பாக்கத்துக்கே போதாது.

ஆழ்ந்த காலத்துக்கு வேறு கடிகாரங்கள் உண்டு. எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகும்போது உருவாகும் சிர்க்கான் என்ற சிறு படிகம், யுரேனியத்தைத் தன்னுள் ஏற்கும், ஈயத்தை ஏற்காது. யுரேனியம் 238இன் அரைவாழ்வு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். அது சிதைந்து முடிவில் ஈயமாகிறது. ஆகவே இன்று அந்தப் படிகத்தில் காணும் ஈயம் கிட்டத்தட்ட முழுவதும் அங்கேயே பிறந்தது என்று கொண்டு, இரண்டின் விகிதத்திலிருந்து வயதைக் கணக்கிடலாம். யுரேனியம் 235 வேறு வேகத்தில் வேறு ஈயமாக மாறுவதால், ஒரே படிகத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன; இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் படிகம் இடையில் பாதிக்கப்பட்டது என்று தெரிந்துவிடும். இந்தத் தற்சோதனைதான் இந்த முறைமீது எனக்கு ஆழ்ந்த நம்பிக்கையைத் தருகிறது. 1956இல் அமெரிக்க நிலவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன், விண்கற்களின் ஈயத்தை அளந்து பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று கண்டார். அதன்பின் எழுபது ஆண்டுகளாக அந்த எண் பெரிதாக அசையவில்லை.

பொதுவாக எலும்பை நேரடியாக அளப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எலும்பு கிடக்கும் அடுக்குக்கு மேலும் கீழும் எரிமலைச் சாம்பல் அடுக்குகள் இருந்தால் அவற்றை அளந்து, எலும்பின் வயதை இடையில் நிறுத்துகிறார்கள். சாம்பலே இல்லாத இடங்களில், வேறிடத்தில் வயது தெரிந்த புதைபடிவங்களோடு ஒப்பிட்டு அறிகிறார்கள். இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் பணியில் நில அளவையாளராக இருந்த வில்லியம் ஸ்மித், ஒவ்வோர் அடுக்குக்கும் உரிய புதைபடிவங்கள் எங்கும் ஒரே வரிசையில் வருவதைக் கண்டு, 1815இல் தம் நாட்டின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். அடுக்கின் வரிசை முதலில் வந்தது; ஆண்டுக்கணக்கு நூறு ஆண்டு கழித்தே வந்தது.

எடுத்த இடம் தெரியாவிட்டால் என்ன? பொருள் கையில் இருக்கிறதே?

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பள்ளியின் ஆய்வகத்தைச் சுத்தம் செய்ய உதவப் போயிருந்தேன். அலமாரியின் அடித்தட்டில் ஒரு மரப்பெட்டி. உள்ளே பஞ்சில் பொதிந்த பன்னிரண்டு புதைபடிவங்கள். கைப்பிடியளவு அம்மோனைட் (சுருண்ட ஓடுடைய, இன்று அழிந்துபோன கடலுயிர்) ஒன்று அவ்வளவு அழகாக இருந்தது. பெட்டியில் இருந்த சீட்டுகளை எல்லாம் கரையான் தின்றிருந்தது. பெரம்பலூர் மாவட்டக் காரையில் எடுத்ததா, குஜராத்தின் கச்சில் எடுத்ததா, விலைக்கு வாங்கியதா, யாரால், எப்போது என்று சொல்ல யாரும் இல்லை. அந்த அம்மோனைட்டை மாணவர்களுக்கு இன்றும் காட்டுகிறேன். ஆனால் ஓர் ஆய்வாளர் அதை வைத்து ஒரு வாக்கியம் எழுத முடியாது. அது எந்தக் கடலில் நீந்தியது, எந்த உயிர்களோடு வாழ்ந்தது, எந்த அடுக்கில் அதன் இனம் முடிந்தது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தச் சீட்டில் இருந்தது.

இதை நம் கடற்கரையிலேயே பார்க்கலாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டப்பட்டிருக்கும் கருங்கற்கள் கடற்கரையில் பிறந்தவை அல்ல, லாரியில் வந்தவை. நமக்குத் தெரியும். ஆயிரம் ஆண்டுகள் கழித்து வருபவருக்கு, கற்கள் கிடக்கும் முறையைக் கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரியும். அந்தக் கற்களின் தேவை வந்த கதையும் நிலவியல்தான். 1876இல் துறைமுகத்தின் பணி தொடங்கி, அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபின், தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணல் தடுக்கப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே நம் கரை கரைந்தது. மணல் எங்கே நிற்கும், எங்கே அரிக்கும் என்ற அதே விதியைக் கொண்டுதான் கோடி ஆண்டுப் பழைய கரைகளையும் நிலவியலாளர்கள் வாசிக்கிறார்கள்.

அரியலூருக்கு ஏன் உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள்?

நம்மிடமிருந்து ஏறத்தாழ 270 கிலோமீட்டரில், அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களின் எல்லைகளில், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலக் கடல் ஒன்றின் தரை வெயிலில் கிடக்கிறது. ஆப்பிரிக்காவோடும் அண்டார்க்டிகாவோடும் ஒட்டியிருந்த இந்தியா பிரிந்துவந்தபோது கிழக்கு விளிம்பில் தோன்றிய பள்ளங்களில் காவிரிப் படுகையும் ஒன்று. பல கோடி ஆண்டுகள் கடல் அதற்குள் ஏறியும் இறங்கியும் அடுக்கடுக்காகப் படிந்தது. அம்மோனைட், சிப்பி, நத்தை, கடல்முள்ளெலி, பவளம், சுறாப்பல், இக்தியோசார் என்னும் கடல் ஊர்வனவின் எலும்பு ஆகியவை அங்கே கிடைத்திருக்கின்றன. மதராஸ் மாகாண அலுவலர்களான கேயும் கன்லிஃபும் சேகரித்து அனுப்பியவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். பின்னர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிட்ஸ்கா, 1863 முதல் 1873 வரை அந்த உயிர்களைப் பெருந்தொகுதிகளாக வருணித்து எழுதினார். மறு ஆண்டே, யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார், வயது முப்பத்தாறு. அவர் இட்ட பெயர்களை இன்றும் பயன்படுத்துகிறோம்.

அரியலூரில் டைனோசர் முட்டைகள் குவியல் குவியலாகக் கிடைக்கின்றனவா?

2009இல் செந்துறைப் பகுதியில், சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முட்டைக் கூடுகளைக் கண்டதாக அறிவித்தார்கள். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் வெட்டியபோது வந்த உருண்டைகளை 'டைனோசர் முட்டை' என்று படம் பிடித்துப் பரப்பினார்கள்; பார்த்த நிலவியலாளர்கள் அவை அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய படிவு உருண்டைகள் என்று விளக்கினார்கள். உருண்டையாக இருப்பதெல்லாம் முட்டை ஆகாது. முட்டை என்றால் ஓடு இருக்க வேண்டும். ஓட்டை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், கருவுக்குக் காற்றுப் போன துளைகளும் படிக அமைப்பும் தெரிய வேண்டும்.

உலகிலேயே பெரிய டைனோசர் தமிழ்நாட்டில் வாழ்ந்ததா?

அரியலூர் மாவட்டம் கள்ளமேட்டில் எடுக்கப்பட்ட எலும்புகளை, 1987இல் யாதகிரியும் அய்யாசாமியும் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். 'பேருடல் பல்லி' என்பது பொருள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் என்று பதிவுசெய்தார்கள். முதலில் அதை ஊனுண்ணி வகையில் சேர்த்தார்கள். பின்னர் மற்ற ஆய்வாளர்கள் நீண்ட கழுத்துடைய தாவரஉண்ணி என்று கருதினார்கள். 2023இல் வெளியான ஒரு கணக்கு, அதன் எடை 110 முதல் 170 டன் வரை இருந்திருக்கலாம் என்கிறது.

ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈரம் ஏறிய மண்ணிலிருந்து எடுத்தபின் நொறுங்கி அழிந்தன. படங்களும் வரைபடங்களும் மட்டுமே மிஞ்சின. அளந்து சரிபார்க்க எலும்பு இல்லாதபோது, 'மிகப் பெரியது' என்ற பட்டத்தை உறுதியாகத் தரவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் மனம் கனக்கிறது. எலும்பைக் கண்டவர்களின் கண் கூர்மையானதுதான். களத்திலேயே பசை ஏற்றி இறுக்கி, சாந்துக் கட்டுப் போட்டுத் தூக்கும் வசதியும், வந்தபின் காக்கும் கூடமும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

புதைபடிவப் பதிவில் இடைவெளிகள் இருக்கும்போது பரிணாமத்தை எப்படி ஏற்பது?

இடைவெளிகள் உண்டு. புதைய வேண்டுமென்றால் சடலம் விரைவில் மூடப்பட வேண்டும். மூடிய அடுக்கு பின்னாளில் அரிக்கப்படாமலும் உருகாமலும் இருக்க வேண்டும். பிறகு மனிதர் காலத்தில் மேலே தெரிய வேண்டும். மலைக்காட்டில் இறந்த உயிருக்கு இந்த வாய்ப்பு மிகக் குறைவு. சேற்றில் வாழ்ந்த சிப்பிக்கு மிகுதி. ஆனால் எஞ்சியவை தாறுமாறாக எஞ்சவில்லை, வரிசை மாறாமல் எஞ்சியிருக்கின்றன. 54 கோடி ஆண்டுப் பாறையில் முயல் எலும்பு ஒன்றுகூட இதுவரை வந்ததில்லை.

காசிமேட்டு மாணவர்களுக்கு நான் திமிங்கலத்தின் கதையைச் சொல்வேன். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் திமிங்கலம் மூச்சுவிட மேலே வரும் என்பது தெரியும். அது தரையிலிருந்து கடலுக்குப் போன விலங்கின் வழித்தோன்றல் என்பது புதிதாக இருக்கும். ஜம்மு காஷ்மீரின் காலாகோட்டில், ஏறத்தாழ 4.8 கோடி ஆண்டுப் பழமையான அடுக்கிலிருந்து நிலவியலாளர் ரங்கா ராவ் எடுத்த கற்களில், இண்டோஹையஸ் என்ற பூனையளவுக் குளம்பு விலங்கின் எலும்புகள் இருந்தன. 1971இல் அதற்குப் பெயரிட்டார். அவர் சேர்த்த கற்களில் மிகுதியானவை உடைக்கப்படாமலே இருந்தன. அவர் காலமானபின் அவருடைய மனைவி அவற்றைத் தொல்லுயிரியலாளர் ஹான்ஸ் தேவிசனிடம் ஒப்படைத்தார். கல்லைச் செதுக்கும்போது ஒரு மண்டையோடு தவறுதலாக உடைந்தது. உள்ளே தெரிந்த காதெலும்பு, திமிங்கலங்களுக்கே உரிய தடித்த வடிவில் இருந்தது. 2007இல் அது வெளியானது. எடுத்த இடமும் அடுக்கும் தெரிந்த கற்களாக அவை காக்கப்பட்டிருந்ததால்தான், பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்த எலும்பு பேசியது.

சாளக்கிராமம் புதைபடிவமா?

பெரும்பாலான சாளக்கிராமங்கள், நேபாளத்தின் காளி கண்டகி ஆறு இமயத்திலிருந்து உருட்டிவரும் கருங்களிப்பாறை உருண்டைகள். உள்ளே இருப்பது அம்மோனைட்டின் சுருள். இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியபோது, இடையே இருந்த டெத்திஸ் கடலின் தரை மடிந்து மலையாக உயர்ந்ததால் கடலுயிர் மலைமேல் ஏறியது. பூசையில் வைத்திருப்பவர்கள் அதற்குத் தரும் மதிப்புக்கும் இந்த விளக்கத்துக்கும் மோதல் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

குமரிக்கண்டம் பற்றி நிலவியல் என்ன சொல்கிறது?

இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1864இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்க்லேட்டர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் இருப்பதை விளக்க, இந்தியப் பெருங்கடலில் மூழ்கிய கண்டம் ஒன்றைக் கற்பித்து 'லெமூரியா' என்று பெயரிட்டார். கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இல் வேகனர் முன்வைத்ததும், 1960களில் பூமியின் மேலோடு நகரும் தட்டுகளால் ஆனது என்ற தட்டுக் கோட்பாடு நிறுவப்பட்டதும், அந்தக் கற்பிதத்துக்குத் தேவையில்லாமல் செய்தன. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து பிரிந்தவை. இந்தியப் பெருங்கடலின் தரை பெரும்பாலும் கடலடியிலேயே பிறந்த பசால்ட் என்னும் எரிமலைப் பாறை. குமரிக்குத் தெற்கே அகன்ற கண்டம் மூழ்கிக் கிடப்பதற்குச் சான்றில்லை.

கடல் நிலத்தைக் கொண்ட நினைவு தமிழ் மரபில் இருப்பது வேறு செய்தி. மேலே சொன்ன 120 மீட்டர் கடலேற்றம் உண்மையாகவே தமிழகக் கரையோரச் சமவெளிகளை விழுங்கியது. நாம் இலங்கைக்கு நடந்துபோகக்கூடிய காலம் ஒன்று இருந்தது. அந்த நிகழ்வுக்கும் இலக்கிய நினைவுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நிறுவ முடியாது. ஆனால் கரை பின்வாங்கிய வரலாறே பொய் என்று தள்ளவும் கூடாது.

2004 சுனாமி விட்டுச்சென்ற மணலும் இந்தப் பதிவில் சேருமா?

சேரும், மூடப்பட்டு அரிக்கப்படாமல் இருந்தால். சுனாமி கொண்டுவரும் மணலில், ஆழ்கடலுக்கு உரிய ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணோடுகள் கலந்திருக்கும். அதைக்கொண்டு புயல் மணலிலிருந்தும் ஆற்று மணலிலிருந்தும் பிரித்தறிய முயல்கிறார்கள். தாய்லாந்தின் பிரா தாங் தீவில் 2004 மணலுக்கு அடியில் அதைப் போன்ற பழைய மணல் அடுக்குகளைக் கண்டு, அதற்கு முந்தைய பெருஞ்சுனாமி 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன்னர் வந்தது என்று 2008இல் வெளியிட்டார்கள். நம் கரையில் வாழ்பவர்களுக்கு இது வெறும் பழங்கதை அல்ல. அடுத்தது எவ்வளவு இடைவெளியில் வரும் என்று கேட்பதற்கான ஒரே நீண்ட பதிவு மண்தான்.

எண்ணூரின் சாம்பலும் ஒருநாள் நிலவியல் அடுக்காகுமா?

ஆகும். நிலக்கரி எரிந்து பறக்கும் சாம்பலில் உருண்டையான நுண்துகள்கள் இருக்கின்றன. அவை எளிதில் அழிவதில்லை. மனிதர் காலத்தை 'ஆந்த்ரோபோசீன்' என்ற தனி நிலவியல் காலமாக அறிவிக்க வேண்டும் என்று முன்மொழிந்தவர்கள், அணுகுண்டுச் சோதனைகளின் புளுட்டோனியத்தோடு இந்தத் துகள்களையும் அடையாளமாகக் காட்டினார்கள். 2024 மார்ச்சில் உரிய துணைக்குழு அந்த முன்மொழிவை வாக்கெடுப்பில் ஏற்கவில்லை. பெயர் இல்லாவிட்டாலும் அடுக்கு இருக்கிறது. கொசஸ்தலைக் கழிமுகத்தின் சேற்றில், 25 கோடி ஆண்டுக் காட்டின் சாம்பல், இன்றைய மட்டிகளின் ஓட்டோடு சேர்ந்து படிகிறது. அந்த மட்டிகள் குறைந்துவருவதைக் கழியில் இறங்கித் தொழில் செய்பவர்கள் எனக்குச் சொன்னார்கள்.

சென்னையில் எங்கே போய்ப் பார்க்கலாம்? எங்கே படிக்கலாம்?

1851இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நிலவியல் கூடம் உண்டு. புரூஸ் ஃபூட் சேகரித்த தொல்பொருள்களை அந்த அருங்காட்சியகம் 1904இல் வாங்கியது. பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகே தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. கொசஸ்தலைப் படுகையின் கல் ஆயுதங்களை அங்கே பார்க்கலாம். மாநிலக் கல்லூரியிலும், கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் படிக்கலாம். தாவரப் புதைபடிவத்தில் ஆர்வம் கொண்டவர்களுக்கு, 1946இல் லக்னோவில் நிறுவப்பட்ட பீர்பல் சாஹ்னி நிறுவனம் இருக்கிறது.

ஏதாவது கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்?

முதலில், எடுக்காதீர்கள். கிடக்கும் நிலையிலேயே, பக்கத்தில் ஒரு அளவுகோலையோ ஐந்து ரூபாய் நாணயத்தையோ வைத்துப் படம் எடுங்கள். சற்றுத் தள்ளி நின்று, குழியின் முழுச் சுவரும் தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள். இந்த இரண்டாவது படத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மேல்மட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம், சுற்றியிருப்பது மணலா களிமண்ணா, என்ன நிறம் என்று எழுதுங்கள். ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட பொருள் என்றால், கழுவாமல், ஒட்டியிருக்கும் மண்ணோடு பழைய துணியில் பொதிந்து, தேதியும் இடமும் எழுதிய சீட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் இட்டு உடன் வையுங்கள். எலும்பு போலத் தெரிந்தால் வெயிலில் காயவைக்க வேண்டாம், வெடித்துவிடும். பிறகு மாநிலக் கல்லூரியின் நிலவியல் துறைக்கோ, கிண்டியில் உள்ள இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அலுவலகத்துக்கோ எழுதுங்கள். விற்கவோ, அறுத்து மெருகேற்றவோ வேண்டாம்.

போர்க் குழம்பிலிருந்து வந்த சிப்பிகளை என்னிடமே கொண்டுவரலாம். சீட்டோடு கொண்டுவாருங்கள்.